பகவானின் பங்கு

திருவண்ணாமலையில் மரியாதைப் பெயர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. கோயிலில் இருப்பவர் அண்ணாமலையார். காவி கட்டிய யாரும் சாமி, கிரிவலப் பாதைத் தேநீர்க் கடையில் "சாமி, சர்க்கரை போடலாமா?" என்று கேட்கும்போது, கேட்பவர் எதிரில் நிற்பவரின் ஊரையோ குருவையோ விசாரிப்பதில்லை. காவியே போதும். ஆனால் 'பகவான்' என்ற சொல் அப்படிப் பொதுவாகப் புழங்குவதில்லை. அது 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்த ஒருவருக்கே உரியது. ஊர்க்காரர்கள் அவரை ரமணர் என்பார்கள். செங்கம் சாலையில் ஆசிரம வாசலைத் தாண்டியதும் அதே மனிதர் பகவான் ஆகிவிடுவார். "பகவான் சொல்லியிருக்கார்", "பகவான் காலத்துல இந்த இடத்துல கொட்டகைதான்" என்று பேச்சு சகஜமாக ஓடும்.

ஒரு மனிதரைக் கடவுள் பெயரால் அழைப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கடவுள் என்றே நம்பி அழைப்பவர்களும் உண்டு. இந்தப் பட்டம் யார் வாயிலிருந்து, என்றைக்கு வந்தது, அந்தச் சொல்லுக்கு எவ்வளவு வயது என்று பார்த்தால் இரு தரப்புமே கவனிக்காத பழைய பொருள் ஒன்று கிடைக்கிறது.

1896 செப்டம்பர் 1 அன்று மதுரையிலிருந்து வந்து சேர்ந்த பதினாறு வயதுப் பையனின் பெயர் வெங்கடராமன், ஊர் திருச்சுழி. மதுரையில் விளையாட்டுத் தோழர்கள் வைத்த பட்டப்பெயர் 'தங்கக்கை'. அவன் சேர்ந்த கட்சியே ஜெயிக்கும் என்பதால். வீட்டைவிட்டுப் புறப்படும்போது எழுதிவைத்த சீட்டு 'நான்' என்று தொடங்குகிறது, இரண்டாம் வாக்கியத்திலேயே 'இது' என்று மாறுகிறது, கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. திருவண்ணாமலை வந்த அன்றே அய்யங்குளத்தில் தலையை மழித்துக்கொண்டு, மீதிச் சில்லறையையும் பூணூலையும் எறிந்துவிட்டு, வேட்டியைக் கிழித்துக் கோவணமாகக் கட்டிக்கொண்டான்.

அந்தப் பையனுக்கு ஊர் வைத்த பெயர் 'பிராமண சுவாமி'. பூணூலை எறிந்தவனை ஊர் சாதியை வைத்தே அடையாளம் கண்டது. இன்னொரு பெயர் 'சின்ன சேஷாத்ரி'. 1889 முதல் திருவண்ணாமலைத் தெருக்களில் திரிந்துகொண்டிருந்த சேஷாத்ரி சுவாமிகள் இந்தப் பையனைத் தொல்லைகளிலிருந்து காத்தார். அதனால் ஊர் இவனை அவருக்குத் தம்பியாக்கியது. சேஷாத்ரி சுவாமிகளுக்கும் காஞ்சிபுரத்துச் சிறுவயதில் கிடைத்த பெயர் தங்கக்கைதான். அவர் கை பட்ட பொம்மைகள் எல்லாம் விற்றுப்போனதால் வந்தது. ஒரே விளையாட்டுப் பெயரோடு இருவர் ஒரே மலையடிவாரத்தில் சேர்ந்தது நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

பிராமண சுவாமி ஊருக்கு வெளியே குருமூர்த்தம் என்ற இடத்தில் இருந்தபோது, பெயரைச் சொன்னால்தான் நகர்வேன் என்று தாலுகா கச்சேரி ஊழியர் ஒருவர் பிடிவாதமாக உட்கார்ந்துவிட, 'வெங்கடராமன், திருச்சுழி' என்று எழுதிக் காட்டியிருக்கிறார். அதோடு சரி. அதற்குப் பிறகும் ஊருக்கு அவர் பிராமண சுவாமிதான்.

1907 நவம்பர் 18. கார்த்திகைத் தீபத் திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்கள். உச்சிவெயில் கழியாத பிற்பகலில் ஒருவர் தனியாக, பிராமண சுவாமி அப்போது இருந்த விரூபாட்ச குகைக்கு மலையேறிப் போனார். கணபதி சாஸ்திரி, ஆந்திரத்தில் பொப்பிலிக்கு அருகே கலுவராயி என்ற கிராமத்தில் பிறந்தவர், முந்தின நாள்தான் இருபத்தொன்பது நிரம்பியிருந்தது. 1900இல் நவத்வீபத்தில் பண்டிதர்கள் கூடிய அவையில் ஆசுகவி பாடிச் சோதனைகளில் தேறி 'காவ்யகண்டர்' என்ற பட்டம் வாங்கியவர். மந்திர ஜபம் செய்து செய்து பல தலங்களில் தவம் இருந்தவர். அவர் குகையில் கேட்டது மிக எளிய கேள்வி: படிக்க வேண்டியதெல்லாம் படித்துவிட்டேன், ஜபமும் முடிந்த மட்டும் செய்துவிட்டேன், தவம் என்றால் என்னவென்று மட்டும் தெரியவில்லை. இருபத்தேழு வயது பிராமண சுவாமி கால் மணிநேரம் போல அவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்ன பதில் இரண்டு வாக்கியத்தில் அடங்கும். 'நான்' என்பது எங்கிருந்து எழுகிறதோ அதைக் கவனித்தால் மனம் அங்கே அடங்கும், அதுவே தவம். மந்திரத்தைச் சொல்லும்போது அதன் ஒலி எங்கிருந்து எழுகிறது என்று கவனித்தாலும் அதுவே தவம்.

சாஸ்திரி அங்கேயே சில மணிநேரம் இருந்தார். பணிவிடை செய்துகொண்டிருந்த பழனிசுவாமியிடம் சுவாமியின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். வெங்கடராமனிலிருந்து 'ரமண'னை எடுத்தார். அதற்கு முன்னே 'பகவான்', பின்னே 'மஹரிஷி'. இனி இவரை இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று தம் மாணவர்களுக்கும் உற்றாருக்கும் எழுதியும் அனுப்பினார். இன்று உலகம் முழுவதும் வழங்கும் பெயர் அந்த ஒரே நாளில், ஒருவர் வாயிலிருந்து வந்தது.

எந்த மடமும் சூட்டிய பட்டம் அல்ல இது. ஊர்ப் பெரியவர்கள் கூடிக் கொடுத்ததும் அல்ல. வாங்கியவர் கேட்கவில்லை. கொடுத்தவரோ தம்மைவிட ஒரு வயது இளையவருக்கு, தாம் சபையில் நின்று வென்ற பட்டத்தைவிடப் பெரிய ஒன்றைக் கொடுத்தார். பண்டித உலகத்தில் இது எவ்வளவு அரிது என்பது அந்த உலகத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும். விசுவாமித்திரர் கதையில் பிரம்மரிஷி என்ற பெயர் வசிஷ்டர் வாயால் வந்தால்தான் செல்லும். தாமே சொல்லிக்கொண்டாலும் பயனில்லை, தேவர்கள் சொன்னாலும் மனம் ஆறவில்லை. இன்னொரு பெரியவரின் வாய் வேண்டும் என்ற அந்தப் பழைய நியாயம் 1907இல் ஒரு குகை வாசலில் நடந்தேறியது.

சாஸ்திரியை அவருடைய மாணவர்கள் 'நாயனா' என்று அழைத்தார்கள், தெலுங்கில் அப்பா. ரமணரும் அப்படியே அழைத்தார். காவ்யகண்டர் என்ற பெரிய பட்டம் ஏட்டில் நிற்க, ஆசிரமத்தில் இன்றும் அவர் நாயனாதான்.

இனி சொல்லுக்கு வருவோம். பகவான் என்றால் ஆறு குணங்கள் நிறைந்தவன் என்று கதாகாலட்சேபத்தில் கேட்டிருப்போம். விஷ்ணு புராணம் கூறும் விளக்கம் அது: ஐசுவரியம், வீரியம், புகழ், திரு, ஞானம், வைராக்கியம் ஆகிய ஆறுக்கும் 'பக' என்று பெயர், அதை உடையவன் பகவான். அதே புராணம் அடுத்தாற்போல இன்னொரு விளக்கமும் தருகிறது. உயிர்களின் தோற்றம், ஒடுக்கம், வரவு, போக்கு, அறிவு, அறியாமை ஆகியவற்றை அறிந்தவனும் பகவான். முதல் விளக்கம் உடைமையைப் பேசுகிறது, இரண்டாவது அறிதலைப் பேசுகிறது. மனிதர்களுக்கு அந்தப் பெயர் பொருந்தியது இரண்டாவது வழியில்தான். உபநிடதங்களில் மாணவன் ஆசிரியரை அழைப்பது இந்தச் சொல்லால். சனத்குமாரரிடம் போன நாரதர் அப்படித்தான் அழைக்கிறார். சமஸ்கிருத நாடகங்களில் முனிவர் மேடைக்கு வந்தால் மற்றவர்கள் அவரை விளிப்பது 'பகவன்'. சமணர்களுக்கு மகாவீரர் பகவான். லும்பினியில் அசோகன் நட்ட தூணில், பகவான் இங்கே பிறந்தார் என்று பிராமி எழுத்தில் செதுக்கியிருப்பது புத்தரை. அந்தக் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது 1896 டிசம்பரில். மதுரைப் பையன் அண்ணாமலைக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

தமிழிலும் அப்படித்தான். திருக்குறளின் முதல் குறளிலேயே பகவன் இருக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பழைய உரைகளில் முக்கோல் ஏந்திய துறவிகளை 'முக்கோற் பகவர்' என்று சொல்லும் வழக்கு இருந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். கடவுளுக்கு மட்டுமே உரிய பெயரை மனிதருக்குச் சூட்டிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு இந்த வரலாற்றின் முன் நிற்காது. ஞானியை அழைக்கும் சொல்லாக அது ஈராயிரம் ஆண்டுக்கு மேல் இருந்துவருகிறது. கடவுள் மட்டும் என்று நாம் சுருக்கிக்கொண்டது பின்னால் வந்த பழக்கம்.

இதற்கும் அடியில் ஒரு தளம் இருக்கிறது, அதுதான் என்னை இழுத்துப் பிடித்தது. 'பக' என்பதன் மூலப்பொருள் பங்கு. வடமொழியில் பங்கிடுதலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. நாம் அன்றாடம் பேசும் பாகம், பாகப்பிரிவினை, பாக்கியம், பக்தி எல்லாம் அந்த வேரின் பிள்ளைகள். பழைய பாரசீகத்தில் 'பக' என்றால் கடவுள். ரஷ்ய மொழியில் கடவுளுக்கு 'போக்', செல்வந்தனுக்கு 'பகாத்தி'. கிரேக்கத்தில் உண்பதற்கு வழங்கிய 'ஃபகெய்ன்' என்ற சொல்லையும் மொழியியலாளர்கள் இந்தக் குடும்பத்தில்தான் வைக்கிறார்கள். தன் பங்கைப் பெறுவதே உண்பது. தமிழின் பகு, பகிர், பகுதி தனி வேர் கொண்டவை. ஆனாலும் தமிழ்க் காதுக்கு பகவன் என்றதும் பகிர்தல் கேட்பது தற்செயலான ஒரு கொடை.

ரிக் வேதத்தில் பகன் என்றே ஒரு தேவன் உண்டு, ஆதித்தியர்களில் ஒருவன். நல்லதைப் பங்கிட்டுக் கொடுப்பவன். அவனுக்குக் கண் இல்லை என்பது மிகப் பழைய செய்தி. ஏன் இல்லை என்பதற்குச் சைவம் சொல்லும் காரணம் தக்கன் வேள்வி. தக்கன் எல்லாத் தேவர்களையும் அழைத்து, சிவனுக்குரிய அவிர்பாகத்தை மட்டும் மறுத்தான். ஒருவருக்குப் பங்கு இல்லை என்று சபை நடுவே முடிவானபோது, பங்கு வைக்கும் தேவன் அங்கே பேசாமல் உட்கார்ந்திருந்தான். வேள்வி அழிந்தபோது அவன் கண்கள் போயின. பார்த்தும் பாராமல் இருந்த கண்களுக்கு அந்தத் தண்டனை சரியென்றே எனக்குப் படுகிறது. தண்டனையைத் தாண்டியும் இதில் ஒன்று இருக்கிறது: பங்கு வைக்கிறவன் முகம் பார்க்கக் கூடாது. கண்ணில்லாதவனே நேர்மையாகப் பங்கு வைப்பான்.

இந்தக் கதையோடு அண்ணாமலையின் கதையைச் சேர்த்துப் படிக்க வேண்டும். தனக்குரிய பாகம் மறுக்கப்பட்ட அதே சிவன், இந்த மலையடியில் தவமிருந்த உமைக்குத் தன் உடலிலேயே இடப்பாகம் கொடுத்தான். ஆண்டுதோறும் கார்த்திகைத் தீபத்தன்று மாலை அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குள்ளிருந்து ஓடி வந்து ஓரிரு நிமிடம் காட்சி தந்து திரும்பும்போதுதான் மலைமேல் தீபம் ஏற்றப்படுகிறது. லட்சக்கணக்கானோர் அரோகரா சொல்லும் அந்தக் கணத்தில் கொண்டாடப்படுவது, பாதியைப் பங்கு கொடுத்த நிகழ்ச்சி. திருவண்ணாமலை பாகம் கொடுத்த ஊர். இங்கே வாழ்ந்த ஒருவருக்குப் பகவான் என்ற பெயர் நிலைத்தது பொருத்தம்.

பொருத்தம் என்று நான் சொல்வது புராணத்தை நம்பி மட்டும் அல்ல. சாப்பாட்டுப் பந்தியைப் பார்த்துச் சொல்கிறேன். ரமணருடன் வாழ்ந்தவர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகள் நிறைய இருக்கின்றன, தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும். தத்துவம் பற்றி அவர்கள் எழுதியதில் ஒருவருக்கொருவர் வேறுபடுவார்கள். சாப்பாடு பற்றி எழுதியதில் எல்லோரும் ஒரே குரல். அவர் இலையில் மற்றவர் இலையைவிட ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தால் பரிமாறியவருக்குக் கண்டிப்பு கிடைக்கும். யாராவது அவருக்கென்று தனியாக ஏதேனும் செய்துகொண்டு வந்தால், அது எல்லோருக்கும் போதுமா என்பதுதான் கேள்வி. உடம்புக்கு முடியாதபோது கொடுத்த சத்து மருந்துக்கும் அதே கேள்வி. விடியற்காலையில் சமையலறைக்குப் போய்க் காய் நறுக்குவார், சட்னி அரைப்பார். குகையில் இருந்த நாட்களில் பிச்சையாக வந்த சோறு குறைவாக இருந்தால் தண்ணீர் விட்டுக் கஞ்சியாக்கி இருப்பவர்கள் அத்தனை பேருக்கும் ஊற்றியிருக்கிறார்கள்.

'பந்தி வஞ்சனை' என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறது. ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குள் வேண்டியவர், வேண்டாதவர் பார்த்துப் பரிமாறுவது. கல்யாண வீடுகளில் இன்றும் மனத்தாங்கலுக்குக் காரணமாவது அதுதான். ரமணருக்குக் கோபம் வந்ததாகப் பதிவான தருணங்களைத் தொகுத்துப் பார்த்தால் பெரும்பகுதி பந்தி வஞ்சனையின் பேரில் வந்த கோபம். அணிலுக்கும் குரங்குக்கும் இதே நியதி. ஆசிரமத்து நாய்களை 'பசங்க' என்றுதான் சொல்வார், பசங்களுக்குச் சோறு போட்டாயிற்றா என்று கேட்பார். 1948இல் இறந்த லட்சுமி என்ற பசுவுக்கு ஆசிரமத்துக்குள் சமாதி இருக்கிறது. சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் முதலில் அன்னமிட்டுவிட்டுத்தான் உள்ளே பந்தி என்ற வழக்கம் இன்றும் தொடர்கிறது. முற்பகலில் போனால் அந்த வரிசையைப் பார்க்கலாம்.

இதையெல்லாம் எழுதிவிட்டு ஒன்றை விட்டுவிட முடியாது. அதே உணவுக்கூடத்தில் அந்தக் காலத்தில் பிராமணர்கள் ஒரு பக்கமும் மற்றவர்கள் ஒரு பக்கமும் உட்கார்ந்தார்கள், நடுவில் தடுப்பு. ரமணர் இரு பக்கத்தாருக்கும் தெரியும்படியான இடத்தில் அமர்ந்து சாப்பிட்டார். இரு பக்கத்துக்கும் போனது ஒரே சோறு, ஒரே குழம்பு. ஆனால் தடுப்பு இருந்தது. அய்யங்குளத்தில் பூணூலை எறிந்தவரின் வீட்டில் அது இருந்திருக்க வேண்டாம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பக்தர்கள் இதை விளக்க முயலும் வாதங்கள் எனக்கு நிறைவு தரவில்லை.

பட்டத்தின் மறுபாதியான 'மஹரிஷி' பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மேலை உலகத்தில் பரவியது அதுதான். 1931இல் வந்துபோன ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டன் 1934இல் வெளியிட்ட புத்தகத்தின் வழியே அவரை 'மஹரிஷி' என்றே இங்கிலாந்து அறிந்தது. ரிஷி என்ற சொல்லைத் தமிழ் இருடி ஆக்கிக்கொண்டது. ரமணர் 1927இல் தம் பக்தரான கவிஞர் முருகனாருக்காக எழுதிய உபதேச உந்தியார் தாருகாவனத்து ரிஷிகளின் செருக்கை அடக்கிச் சிவன் செய்த உபதேசம். மஹரிஷி என்று உலகம் சொன்னவர், ரிஷி என்ற பெயராலேயே கர்வப்பட்டவர்களுக்குச் சொல்லப்பட்டதை எழுதும்படி ஆயிற்று.

அழைக்கப்பட்டவர் பட்டத்தை என்ன செய்தார்? மறுக்கவில்லை, ஏற்கவும் இல்லை. கையெழுத்துக் கேட்டவர்களுக்குப் போடவில்லை. எந்தப் பெயரைப் போடுவது என்பதுதான் அவர் நிலை. பதினாறு வயதில் சீட்டில் விட்ட வெற்றுக்கோடு கடைசிவரை நிரம்பவில்லை. தன்னைப் பற்றிப் பேச நேர்ந்தால் 'இது' என்றும் 'இங்கே' என்றும் சொன்னார். மற்றவர்கள் அழைப்பது மற்றவர்களின் பாடு என்று விட்டுவிட்டார்.

அவருக்குப் பின் இதே ஊரில் வாழ்ந்த யோகி ராம்சுரத்குமார் வேறு வழியில் போனார். 1959இல் இங்கே வந்தவர், 2001 பிப்ரவரியில் மறைந்தார். கையில் எப்போதும் பனையோலை விசிறி, அதனால் ஊர் அவரை விசிறி சாமியார் என்றது. அவரோ தம்மைப் பிச்சைக்காரன் என்று மட்டுமே சொல்லிக்கொண்டார், யாரிடமும், எப்போதும். ரமணர் பெயரைக் காலியாக விட்டார், இவர் தாழ்ந்த பெயரால் நிரப்பினார். இருவருக்கும் பெரிய பெயர்களைக் கொடுத்தது சுற்றியிருந்தவர்கள்.

ஆசிரம நிர்வாகத்தை ஏற்று நடத்தியவர் ரமணரின் தம்பி நிரஞ்சனானந்தர். பக்தர்களுக்கு அவர் 'சின்ன சுவாமி'. பதவிப் பெயர் 'சர்வாதிகாரி'. அந்தக் காலத்தில் முழுப் பொறுப்பும் ஏற்றவர் என்று மரியாதையாகச் சொன்ன அந்தச் சொல்லை இன்று எந்தத் தமிழரும் வாழ்த்தாக எடுத்துக்கொள்ள மாட்டார். இருபது முப்பது ஆண்டுகளில் ஒரு மரியாதைப் பெயர் வசையாகிப்போகலாம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அதே இடத்தில், அதே காலத்தில் வழங்கிய பகவான் என்ற சொல் மட்டும் கெடாமல் இருக்கிறது. சொல்லின் பழமை அதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. வேறு பல இடங்களில் வேறு பலர் மீது அதே சொல் பட்டு மங்கியதை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே அது மங்காததற்குப் பந்தியில் நடந்துகொண்ட விதம்தான் காரணம்.

கிரிவலப் பாதையில் இன்று பதாகைக்குப் பதாகை பட்டங்கள் தொங்குகின்றன. படிக்கிறவர்கள் இரண்டு கேள்வியோடு படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: இந்தப் பட்டத்தைச் சூட்டிய வாய் யாருடையது, சூட்டப்பட்டவர் வீட்டுப் பந்தியில் கடைசி இலைக்கு என்ன விழுகிறது. ரமணாசிரமத்தைப் பொறுத்தவரை, 1950க்குப் பிறகு அங்கே யாரும் பகவான் ஆகவில்லை. ஆசிரமத்தை நடத்துபவருக்கு அங்கே பெயர் தலைவர்.